ஒரே ஒரு எக்ஸ்போஷரா நீ?

யார் சொன்னது, நீ முடிந்துபோன ஆள் என்று? ஒரு தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னார்களா? நேர்காணலில் பத்து நிமிடம் உன்னைப் பார்த்த அதிகாரி சொன்னாரா? இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் ஃபேனைப் பார்த்தபடி கிடந்தபோது உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயா? யார் சொல்லியிருந்தாலும் சரி, அவர்கள் பார்த்தது ஒரே ஒரு எக்ஸ்போஷர். ஷட்டர் ஒருமுறை திறந்து மூடிய நேரத்தில் உள்ளே விழுந்த வெளிச்சம். அதை வைத்துக்கொண்டு ஓர் ஆளுக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். நீயும் ஏற்காதே!

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஒளிப்படக் கலை இதை நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணுக்கு நேரே காட்டிக்கொண்டிருக்கிறது. வா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரை வரைக்கும் போய்வருவோம்.

அங்கே கரி என்றொரு தீவு. உலகத்திலேயே மிகப் பெரிய மணல் தீவு. நீளம் மட்டும் 120 கிலோமீட்டருக்கு மேல். புட்சுல்லா மக்களின் மண் அது. வரைபடங்களில் ஃபிரேசர் தீவு என்று நெடுங்காலம் இருந்தது. 2023இல் அந்த மக்கள் வழங்கிவந்த பெயரே அதிகாரபூர்வப் பெயராகத் திரும்பி வந்தது. தீவின் கிழக்குப் பக்கம், பசிபிக் பெருங்கடலைப் பார்த்தபடி, ‘எழுபத்தைந்து மைல் கடற்கரை’ நீண்டு கிடக்கிறது. அந்த மணலில் பாதி புதைந்து நிற்கிறது மஹீனோ என்ற கப்பலின் இரும்புக்கூடு. அதன் மீது சூரியன் எழுவதைப் படமெடுக்க, எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் நட்சத்திரம் மறையுமுன்னே மணலில் முக்காலியை ஊன்றிக் காத்திருக்கிறார்கள்.

அந்தக் கப்பலின் வாழ்க்கையைக் கேள். 1905இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில், வில்லியம் டென்னி சகோதரர்களின் தளத்தில் கட்டப்பட்டது. நீராவிச் சுழலிகளால் ஓடிய தொடக்ககாலப் பயணிகள் கப்பல்களில் ஒன்று. 400 அடி நீளம். நியூசிலாந்தின் யூனியன் நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக டாஸ்மன் கடலில் ஆண்டுக்கணக்கில் ஆட்களை ஏற்றி இறக்கியது. முதல் உலகப்போர் வந்தபோது அதை மருத்துவமனைக் கப்பலாக்கினார்கள். உடம்பு முழுக்க வெள்ளை அடித்து, செஞ்சிலுவை வரைந்து, கலிப்பொலிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1915 ஆகஸ்டில் அங்குள்ள ஆன்சாக் குடாவுக்கு எதிரே நின்று, கரையில் குண்டடிபட்டுக் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டது. மறு ஆண்டு, பிரான்சின் சொம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

1935இல் அதே கப்பலைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். ஜப்பானில் உடைத்து இரும்பாக விற்பதற்காக, ஊனா என்ற இன்னொரு பழைய கப்பல் அதைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. ஜூலை மாதத்துப் புயலில் கயிறு அறுந்தது. எட்டுப் பேரோடு மஹீனோ கடலில் காணாமல் போனது. சில நாள் கழித்து ஒரு விமானம் தேடிக் கண்டுபிடித்தபோது, கரித் தீவின் மணலில் தரைதட்டி நின்றது. எட்டுப் பேரும் உயிரோடு கரையேறியிருந்தார்கள். அதன்பின் அதை மீட்டுப் போக யாராலும் முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் விமானப்படைக்காரர்கள் குண்டுவீசிப் பழக இலக்காகவும் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது சொல், எது மஹீனோ? 1935ஆம் ஆண்டின் விலைச்சீட்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு அது பழைய இரும்பு. ஆன்சாக் குடாவில் ரத்தம் வடியக் கிடந்த சிப்பாய்க்கு அது உயிர். மேலே பறந்த விமானிக்கு அது ஒரு குறி. மூன்றும் நடந்தவைதான், மூன்றுக்கும் சாட்சி இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்து ‘இதுதான் மஹீனோ’ என்று எவனாவது சொன்னால் அது பொய்! ஆதாரத்தோடு சொல்லப்பட்ட பொய்!

உன்னைப் பற்றிச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் அந்த வகைப் பொய்தான்.

இனி கேமராவைக் கையில் எடு. விடியல் நேரம், நீ கிழக்கைப் பார்த்து நிற்கிறாய். முன்னால் கப்பல், அதன் பின்னால் கடல், கடலுக்கு மேலே இப்போதுதான் விளிம்பு காட்டும் சூரியன். வானத்துக்காக எக்ஸ்போஷர் வைத்தால் ஆரஞ்சும் ஊதாவும் அப்படியே வரும். கப்பல் மட்டும் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். கப்பலுக்காக வைத்தால் துருவின் ஒவ்வோர் அடுக்கும், விலா எலும்புகளாகத் துருத்தி நிற்கும் இரும்புச் சட்டங்களும், ஜன்னல் ஓட்டைகளுக்குள் தேங்கிய நிழலும் தெரியும். வானம் வெளுத்துச் செத்துப்போகும். உன் கேமராவில் குறை எதுவும் இல்லை. இன்றைய நல்ல சென்சார், இருட்டிலிருந்து வெளிச்சம் வரை சுமார் 14 ஸ்டாப் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்டாப்பும் முந்தையதைப்போல் இரு மடங்கு வெளிச்சம் என்பதால், கணக்குப் போட்டால் பதினாறாயிரம் மடங்குக்கு மேல். அப்படியும் சூரிய விளிம்புக்கும் கப்பலின் உள்ளிருட்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஒரே சொடுக்கில் அதனால் தாண்ட முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். ‘இவ்வளவுதான் வரும்’ என்று கறுப்பு நிழலுருவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நிழலுருவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளாக உப்பும் காற்றும் செதுக்கிய இரும்பின் முன்னால் நின்றுகொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. முடியாது என்று கேமரா சொன்னால், ஒரு படத்தில் முடியாது என்றுதான் அதற்குப் பொருள். ஐந்து படத்தில் முடியும்!

முறை இதுதான். அபெர்ச்சரை எஃப்/11இல் நிறுத்து. ஐஎஸ்ஓ 100. ஃபோகஸைக் கப்பலில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடு. வொயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதே. இனி மாறப்போவது ஷட்டர் வேகம் மட்டும்தான். 1/1000 நொடி, 1/250, 1/60, 1/15, 1/4. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டாப். இதைத்தான் பிராக்கெட்டிங் என்கிறார்கள். எல்லாவற்றையும் ரா கோப்பாக எடு. எண்கள் காலைக்குக் காலை மாறும், ஆகவே இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகப் படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் தீர்மானி: இருக்கிறதிலேயே இருண்ட படத்தில் வானத்தின் வண்ணம் வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்படக் கூடாது, இருக்கிறதிலேயே வெளுத்த படத்தில் கப்பலின் நிழல் இடது ஓரத்தை விட்டு நன்றாக விலகி வந்திருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே எது வந்தாலும் உன் பிடிக்குள் இருக்கும்.

எடுத்த ஐந்தையும் திரையில் வரிசையாகப் பார். முதல் படம் கிட்டத்தட்ட முழு இருட்டு. எவனிடம் காட்டினாலும் ‘டெலிட் பண்ணு’ என்பான். ஐந்தாவது படம் கண் கூசும் வெள்ளை. அதையும் ‘டெலிட் பண்ணு’ என்பான். செய்யாதே! சூரியனைச் சுற்றியுள்ள அந்தத் தங்க வளையம் இருட்டுப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. கப்பலின் வயிற்றுக்குள் துரு எந்த நிறத்தில் படிந்திருக்கிறது என்பது வெள்ளைப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் இரண்டும் பிழை. ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி, வேறெந்தப் படத்திலும் கிடைக்காத அளவுக்குச் சரி. அழித்துவிட்டால் அந்தப் பகுதியை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

உன் வாழ்க்கையில் நீ அழிக்கத் துடிக்கும் அந்த இருட்டு வருடம் இருக்கிறதே, அதைத் திறந்து பார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில்தானே பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாய்? நடுராத்திரியில் தனியாளாக நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போன் போட்டு ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தாயே, அந்தத் திராணி எந்த மார்க் ஷீட்டில் ஏறியிருக்கிறது? மேலதிகாரியின் வருடாந்தரக் குறிப்பில் அதற்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா? அந்த இருட்டுப் படத்தில் மட்டும்தான் அது பதிவாகியிருக்கிறது. அந்த வருடத்தை அழித்தால் அந்த ஆளையும் சேர்த்து அழிக்கிறாய்.

‘அதெல்லாம் சரி, பல படத்தைச் சேர்ப்பது ஏமாற்று வேலை அல்லவா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் தெரியாமல் பலர் கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து நின்று பதில் சொல். அதே கரையில் நின்று நீ வெறுங்கண்ணால் பார்க்கும்போது உனக்கு வானமும் தெரிகிறது, துருவும் தெரிகிறது. எப்படி? வானத்தைப் பார்க்கையில் கண்மணி சுருங்குகிறது, கப்பலின் நிழலைப் பார்க்கையில் விரிகிறது. தனித்தனியாகப் பார்த்ததையெல்லாம் மூளை ஒரே காட்சியாகக் கட்டித் தருகிறது. ஐந்து படங்களைச் சேர்ப்பவன், பிறந்த நாள் முதல் தன் கண் செய்துவரும் வேலையைக் கேமராவுக்குக் கற்றுத்தருகிறான்.

வரலாற்றைக் கேட்டாலும் இதே பதில்தான். 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற ஒளிப்படக் கலைஞர் கடலைப் படமெடுக்கப் போனார். அன்றைய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அதிகமாக மயங்கும். கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் சோர்ந்து போகவில்லை. வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் செத் துறைமுகத்தில் அவர் எடுத்த பேரலைப் படம் அப்படிப் பிறந்ததுதான். மின்விளக்குகூட வீடுகளுக்கு வராத காலத்தில், கையில் இருந்த தகட்டின் எல்லையைத் தன் எல்லையாக ஏற்க ஒரு மனிதன் மறுத்தான்!

1997இல் பால் டெபெவெக் என்ற ஆய்வாளரும், ஐஐடி கான்பூரில் படித்த ஜிதேந்திர மாலிக்கும் சேர்ந்து, வெவ்வேறு எக்ஸ்போஷர் படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவை மீட்டெடுக்கும் கணக்கை வெளியிட்டார்கள். இப்படிப் பல எக்ஸ்போஷர்களைச் சேர்க்கும் இன்றைய எச்டிஆர் முறையின் அடித்தளக் கற்களில் அது ஒன்று. பத்து ஆண்டு கழித்து, 2007இல், மெர்ட்டென்ஸ், காவுட்ஸ், வான் ரீத் என்ற மூவர் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், ஐந்து படங்களையும் மூன்று கேள்வி கேட்கிறது அவர்களுடைய முறை. இங்கே நுணுக்கம் தெரிகிறதா? நிறம் செழிப்பாக இருக்கிறதா? வெளிச்சம் நடு அளவில் இருக்கிறதா? எந்தப் படம் அந்தப் புள்ளியை நன்றாகச் சொல்கிறதோ, அதன் பேச்சுக்கு அந்த இடத்தில் அதிக மதிப்பு. வேறோர் இடத்தில் வேறொரு படம் பேசும். இருட்டுப் படத்துக்கும் மேடை உண்டு, வெளுத்த படத்துக்கும் உண்டு. ஒரு படத்தின் குரலே எல்லா இடத்திலும் கேட்க வேண்டும் என்ற அதிகாரம் அங்கே இல்லை. உன்னை எடைபோட யாராவது இப்படியொரு நியாயமான முறையை வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் நீ வைத்துக்கொள்!

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்ல வேண்டும். எச்டிஆர் செய்யத் தெரிந்ததும் எல்லா ஸ்லைடரையும் வலது பக்கம் இழுத்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பலைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் படரும். துரு, குங்குமக் கலராகும். மேகம் கரிப்புகை மாதிரி மிரட்டும். நிழலே இல்லாத ஒரு பிளாஸ்டிக் உலகம்! நிழல் இருந்தால்தான் வெளிச்சத்துக்கு மதிப்பு. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பளிச்சென்று ஆக்கினால் கண் எங்கேயும் நிற்காது. தன்னம்பிக்கை என்ற பெயரில் கண்ணாடி முன் நின்று ‘நான்தான் பெரிய ஆள்’ என்று கத்தச் சொல்லும் பேச்சுகளை நான் வெறுப்பது இதனால்தான். அது உன்னைச் சுற்றி ஒளிவட்டம் வரைகிற வேலை. உன் கோபம், உன் சோம்பல், கணக்கில் உனக்கு இருக்கும் பலவீனம் எல்லாம் படத்தில் இருக்கட்டும். இருக்கிற அளவுக்கு மட்டும் இருக்கட்டும்.

உள்ளதை உள்ளபடி சேர்க்க, கால் ஊன்றி நிற்கும் இடம் அசையக் கூடாது. கடற்கரையில் இதுதான் பெரிய சோதனை. ஈர மணலில் முக்காலியை வைத்தால், திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவே கேமரா மெல்லச் சாயும். ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அனுபவசாலிகள் கால்களை அழுத்தி மணலுக்குள் புதைத்து, ஓர் அலை வந்து போகும்வரை பொறுத்து, மணல் இறுகியபின் எடுப்பார்கள். விரலால் அழுத்தினால் ஆடும் என்பதால் இரண்டு நொடி டைமரோ ரிமோட்டோ வைப்பார்கள். லென்ஸில் உப்புத் துளி படிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் மென்துணியால் ஒற்றி எடுப்பார்கள். அலைகள் ஐந்து படத்திலும் ஐந்து இடத்தில் இருக்குமே என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி. அலையை ஒரே ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கலந்தால் கடல் முழுக்கப் பேய் பேயாக நிழல் விழும். அசையாத இரும்பைத்தான் ஐந்திலிருந்தும் கட்டலாம். அன்றாடம் மாறுகிற ஊர்ப்பேச்சை உன் படத்தில் கலக்காதே.

ஆயத்தம் என்ற ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது வீண். கரித் தீவில் கடற்கரையேதான் சாலை. நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும், அதுவும் நீர் வற்றிய நேரத்தில்தான் ஓட்டலாம். ஆகவே கடல் வற்றும் நேரமும் சூரியன் எழும் நேரமும் கைகோக்கிற நாளை ஓத அட்டவணையில் தேட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடியும். ஜூன், ஜூலையில் ஆறரை ஆகும். டிங்கோ நாய்கள் திரியும் இடம், எச்சரிக்கை வேண்டும். துருவேறிய கப்பல் எந்நேரமும் இடிந்து விழலாம் என்பதால் நெருங்கத் தடை போட்டிருக்கிறார்கள். மேலே ஏறி நிற்பதை வீரம் என்று நினைக்காதே. இவ்வளவையும் முந்தின நாளே முடித்தவன் இருட்டில் பதறமாட்டான். அவன் கை தானாக வேலை செய்யும்.

1941 நவம்பரில் ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர். கிழக்கே நிலா எழுந்திருந்தது, மறையும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் பட்டுக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, பெரிய கேமராவை அடித்துப் பிடித்து நிறுத்தினார். ஒளிமானியைத் தேடினார், கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். ஆடம்ஸுக்கு நிலவின் ஒளி அளவு மனப்பாடம்: சதுர அடிக்கு 250 கேண்டில். அந்த ஒற்றை எண்ணிலிருந்து மனத்துக்குள் கணக்குப் போட்டு ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவது நெகட்டிவ் எடுப்பதற்குள் சிலுவைகளை விட்டு வெளிச்சம் போய்விட்டது. உலகப் புகழ்பெற்ற ஒளிப்படங்களில் ஒன்று அந்த ஒரே நெகட்டிவில் இருக்கிறது. அதிலும் வேலை அத்தோடு முடியவில்லை. பல பத்தாண்டுகள் இருட்டறையில் நின்று, வானத்தை அடர்த்தியாக்கி, தரையைத் தூக்கி, மீண்டும் மீண்டும் அச்சிட்டார். கருவி கைவிட்ட நொடியில் தலைக்குள் இருந்த கணக்கு தாங்கிப் பிடித்ததே, நம்பிக்கை என்று நான் சொல்வது அதைத்தான். படித்து, பழகி, மறுபடி பழகி உனக்குள் ஏற்றி வைத்ததை யாராலும் பிடுங்க முடியாது.

ஆஸ்திரேலியாவுக்குப் போகக் காசு இல்லையா? கவலைப்படாதே. கிழக்குப் பார்த்த கடல் உன் வாசலிலேயே இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரைக்கும் சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் எழுகிறது; மணலில் இழுத்துப் போட்ட ஒரு பழைய ஃபைபர் படகு போதும், மஹீனோவின் அதே சிக்கலும் அதே பாடமும் அங்கே கிடைக்கும். இரவல் கேமராவா? எடுத்துக்கொண்டு போ. பிராக்கெட்டிங் வசதி இல்லாத பழைய மாடலா? ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்று. மென்பொருள் வாங்க முடியவில்லையா? ஹியூஜின், டார்க்டேபிள் இரண்டும் இலவசம். இனி என்ன சாக்கு மிச்சம் இருக்கிறது? நாளை விடியலுக்கு அலாரம் வை. படகுக்காரரிடம் ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?’ என்று கேட்டுவிட்டு முக்காலியை ஊன்று. ஐந்து படம் எடு. வீட்டுக்கு வந்து சேர். ஒளிவட்டம் விழுந்தால் குறை. மறுநாள் மறுபடி போ.

அந்தப் படத்தை நீ வெளியே காட்டும் நாளில் எவனாவது ஒருவன் உதட்டைச் சுழித்துக்கொண்டு கேட்பான்: “இது ஒரிஜினலா, எடிட் பண்ணதா?” தலையைக் குனியாதே. அவன் கண்ணைப் பார்த்துச் சொல்: “அஞ்சு எக்ஸ்போஷர். அஞ்சும் நான் எடுத்தது. எதையும் வெளியே இருந்து கொண்டுவரல. இருட்டையும் தூக்கிப் போடல, வெளிச்சத்தையும் தூக்கிப் போடல. சேர்த்தது நான்தான். கீழே என் பேர் இருக்கு, பாரு!”